தானே விறகு தின்னும் அடுப்பு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெல்லட்டோ (மரத்தூள், கடலைத்தோல் மாதிரியானதை அழுத்திச் செய்த குச்சித் துண்டு) விறகோ தானாக உள்ளே போய் எரியும் சின்ன அடுப்பு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தில் எழுதிய வார்த்தைகளை எடுத்துவிட்டேன், கோபத்தை எடுக்கவில்லை.

ஈரோட்டில் சின்ன மெஸ் நடத்துகிறேன். 38,000 ரூபாய் கொடுத்து ஆட்டோமேட்டிக் பெல்லட் அடுப்பு வாங்கினேன். கடையில் நீலமாக எரிந்தது. இங்கே அரை மணிக்கு ஒருமுறை அணைகிறது. கேட்டால், உங்கள் பெல்லட் சரியில்லை என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் சுழன்று பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகுத் தண்டு, அதாவது ஸ்க்ரூ, அதற்கு எடை தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு இடத்தை நிரப்பித் தள்ளும், அவ்வளவுதான். கடையில் போட்டது உடையாத மரத்தூள் பெல்லட்டாக இருந்திருக்கும். நீங்கள் போடுவது பெரும்பாலும் கடலைத்தோல் கலந்தது. அதில் சாம்பல் அதிகம், எரியும் சட்டியின் காற்றுத் துளைகளில் கட்டி தட்டும். மூட்டையில் பாதி தூளாகவும் இருந்தால், தூள் மேலே விழுந்து நெருப்பை மூடிவிடும்.

முதலில் மூட்டையிலிருந்து ஒரு படி எடுத்துச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். இரண்டு பெல்லட்டைத் தண்ணீரில் போடுங்கள். நன்றாக அழுத்திச் செய்தது மூழ்கும், மிதந்தால் சரியாக அழுத்தாத சரக்கு. அப்புறம் நெருப்பில்லாமல் ஸ்க்ரூவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, விழுவதை வாளியில் பிடித்து எடை போட்டு ஆறால் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை கிலோ போகிறது என்று தெரிந்துவிடும். ஸ்க்ரூ எத்தனை விநாடி ஓட வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதை உங்கள் அடுப்படியில், உங்கள் பெல்லட்டை வைத்து, விற்றவரே வந்து அமைத்துத் தர வேண்டும். வர மறுத்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

நானும் அதே மாதிரி அடுப்பு வாங்கி ஏமாந்தவன், நாமக்கல். பில் என்று கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதன் அடியில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது'. வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாதாமே?

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர்கள் கடை திறக்கும் எல்லோருக்கும் இதை இலவசமாகக் கொடுக்கிறார்களோ என்னவோ. ஸ்டாம்ப் அடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. பொருளை விற்றுவிட்டுப் பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள்.

வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பதைக் கடைக்காரர்கள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், அதற்கு அடுத்த வரியைப் படிப்பதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது. கணவனும் மனைவியும் நின்று நடத்தும் மெஸ் ஒன்று, பத்துக் கிளை வைத்திருப்பவர் வேறு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள், சில கடைகள் அதற்கே வழிக்கு வந்துவிடும். எஸ்டிமேட் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிபே செய்த பதிவும் கடைக்காரருடன் பேசிய 'வீடியோ அனுப்புறேன் அண்ணா' மாதிரியான வாட்ஸப்பும் சேர்ந்தால் அதுவே நல்ல சாட்சி.

உங்களுக்கு நேர்ந்தது அநியாயம் ஐயா. ஏமாந்ததற்காக வெட்கப்படாதீர்கள்.

கரண்ட் போனால் அடுப்பு புகை கக்குகிறது. இது குறையா?

காற்று ஊதும் ப்ளோயருக்கும் ஸ்க்ரூவுக்கும் மின்சாரம் வேண்டும் என்பது அதன் பின்னால் தொங்கும் ஒயரைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். குறையில்லை. ஒரு பேட்டரி வாங்குங்கள்.

சேலம், பாலிடெக்னிக் மாணவன். பழைய கார் வைப்பர் மோட்டாரை வைத்து ஸ்க்ரூ ஓட்டலாமா?

தம்பி, நான் ஓட்டினேன். பழைய சாமான் கடையில் 600 ரூபாய்க்கு ஒரு வைப்பர் மோட்டார் பேரம் பேசி வாங்கி, பட்டறையில் இரண்டு அங்குல ஸ்க்ரூ கடைந்து மாட்டினேன். ஒரு சுற்றுக்குச் சுமார் 20 கிராம் பெல்லட் விழுந்தது. மோட்டார் நிமிடத்துக்கு நாற்பது சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 800 கிராம். அடுப்புக்கு வேண்டியதோ மணிக்கு ஒன்றரை கிலோ! நெருப்பு மூட்டி ஸ்விட்சைப் போட்டேன், ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டி, மூச்சு விடுவதற்குள் சட்டி நிறைந்து நெருப்பு அணைந்தது. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நிமிடத்துக்கு ஓரிரண்டு சுற்று சுற்றும் கியர் மோட்டார் வாங்கு. அல்லது வைப்பர் மோட்டாரையே வைத்து டைமர் போட்டு, விட்டு விட்டு ஓட்டு. இன்னொன்று, ஸ்க்ரூவை நேராகச் சட்டிக்குள் நீட்டாதே. கீழிருந்து சாய்வாக மேலே ஏற்றி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாகச் சட்டியில் விழ வை. நடுவில் அந்த இடைவெளி இருந்தால்தான் நெருப்பு பெல்லட்டைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு ஏறாது.

கோத்தகிரியில் இருக்கிறோம். மோட்டார் இல்லாமல், சரிவாக இறங்கும் தொட்டி வைத்த அடுப்பு, குளிருக்கு. தொட்டி மூடி வழியாகப் புகை வருகிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

கூடாது அம்மா. புகை மூடி வழியாக வருகிறது என்றால் புகைபோக்கி இழுக்கவில்லை, அல்லது மூடி இறுக்கமாக இல்லை. இந்த வகையில் தொட்டிக்கும் நெருப்புக்கும் நடுவில் எதுவும் கிடையாது. மேலே காற்று கசிந்தால் நெருப்பு மெதுவாக மேலேறும். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைபோக்கியைச் சுத்தம் செய்து, மூடிக்குக் கண்ணாடி இழைக் கயிறு வைத்து இறுக்குங்கள். அதற்குப் பிறகும் படுக்கப் போகும்முன் அணைத்துவிடுங்கள்.

புகைபோக்கியே தேவையில்லை என்று ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு ரூம் ஹீட்டர் அடுப்பு. வாங்கலாமா?

வேண்டாம்.

அடுப்பு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 தானே?

202 என்ற மட்ட ரகத்திலும் ஒட்டாது. காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பழைய பாத்திர வியாபாரிகளிடம் சோதனைத் திரவம் இருக்கும், ஒரு சொட்டுப் போதும். வாங்குவதற்கு முன்பு கேட்டிருந்தால் இதே பதில் இன்னும் பயன்பட்டிருக்கும்.

ஒரு கமர்ஷியல் சிலிண்டருக்கு ஈடாக எத்தனை கிலோ பெல்லட்? ஒருவர் 25 கிலோ போதும் என்கிறார்.

நல்ல பெல்லட் கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி, கேஸ் கிட்டத்தட்ட 11,000. 19 கிலோ சிலிண்டருக்குக் காகிதக் கணக்கிலேயே 50 கிலோவுக்கு மேல் ஆகும், அடுப்படியில் இன்னும் கூடும். 25 கிலோ என்றவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

தர்மபுரியில் டீக்கடை. இவ்வளவு பணம் போட முடியாது. பக்கத்தில் மர அறுவை மில் இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு, ஸ்க்ரூவும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். பழைய மரத்தூள் அடுப்புதான். ஒரு தகர டப்பா, பக்கவாட்டில் அடியில் ஒரு வாய். அந்த வாய் வழியாக ஒரு கட்டையையும், மேலிருந்து நடுவில் ஒரு பாட்டிலையும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துவிட்டு, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டிக் கையால் நன்றாக அமுக்குங்கள். பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுங்கள், ஆட்டினால் சரிந்துவிடும். கட்டையையும் உருவுங்கள். கீழ் வாயில் இரண்டு சுள்ளியைப் பற்ற வைத்தால் நடுத்துளையின் சுவர் உள்ளிருந்து வெளியே மெதுவாக எரிந்துகொண்டே போகும். எரியும்போது இடையில் தூள் போட வேண்டியதில்லை. காலையில் நிரப்பினால் சில மணி நேரம் தாங்கும்.

கடையை மூடி வைக்காதீர்கள், புகை போக வழி வேண்டும். இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எரியும்போது இன்னொன்றை அமுக்கி வைக்கலாம். தூள் காய்ந்திருக்க வேண்டும். மில்லில் ஐப்பசி மழையில் நனைந்த மூட்டையைத் தலையில் கட்டினார்கள் என்றால் அன்றைக்கு டீ கிடையாது.