சிறையில் இருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று மக்கள் ஏன் நினைக்கிறார்கள்? இந்தியச் சிறைமுறை எப்படி உருவானது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது, நான்கில் மூன்று பேருக்கு மேல் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஆனால் எங்கள் பக்கம் ஒருவர் நாகர்கோவில் மாவட்டச் சிறையில் சில நாள் ரிமாண்டில் இருந்துவிட்டு வந்தாலே போதும், பிறகு வழக்கில் விடுதலையானாலும் கல்யாணப் பேச்சில் அந்தச் சில நாள்தான் முதலில் எழும்.

பழைய திருவிதாங்கூரில் காவலில் வைப்பது பெரும்பாலும் தண்டனை வரும்வரைக்குமான ஏற்பாடாகவே இருந்தது. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்துக் கிறித்தவரான தேவசகாயம் பிள்ளையைப் பெருவிளையில் வேப்பமரத்தோடு சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள் என்று எங்கள் மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அவருக்கான தண்டனை அதுவல்ல, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதே. அடைத்துவைப்பதையே தண்டனையாக வகுத்து நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பாக்கியது ஆங்கில ஆட்சி. 1835இல் மெக்காலே சொன்ன யோசனையின் பேரில் அமைந்த குழு, 1838இல் தந்த அறிக்கையில், கைதிக்குக் கல்வியோ நன்னெறிப் போதனையோ வேண்டாம், சலிப்பூட்டும் கடும் உழைப்பே வேண்டும் என்றது. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தது இந்தச் சிந்தனையின் கீழ்தான். 1919-20 சிறைக் குழு சீர்திருத்தத்தையும் சிறையின் நோக்கமாக வைத்தபோதிலும், 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது 2024 அக்டோபரில்தான். அந்தத் தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையின் பெயரும் வருகிறது என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

ஆகவே சிறை என்றதும் செக்கும் கல்லுடைப்பும் மக்கள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் வாய்தாவுக்கும் ஜாமீனுக்கும் காத்திருப்பவர்கள் என்பது அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதே இல்லை.

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு தாயார், மகனுக்கு ஜாமீன் கிடைத்த பிறகும் வீட்டுத் தீர்வை ரசீதோடு ஜாமீன் நிற்க இரண்டு பேரைத் தேடிச் சொந்தக்காரர் வீடுகளெல்லாம் ஏறி இறங்கினார். புறம்போக்கில் குடியிருப்பவர்களிடம் தீர்வை ரசீது இருப்பதில்லை. வசதியுள்ள ஒரே உறவினர் கேரளத்தின் பாறசாலையில் இருந்தார். வேறு மாநிலத்தவர் என்பதால் அவரை ஏற்கத் தயங்கினார்கள். உத்தரவு கைக்கு வந்த பிறகும் பையன் உள்ளேயே கிடந்தான்.

இதே நிலைமையைத்தான் உச்ச நீதிமன்றம் 1978இல் மோத்தி ராம் வழக்கில் கண்டித்தது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டுவிட்டு, ஜாமீன் நிற்க வந்த சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்திருந்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தள்ளி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையிலேயே கொத்தனாரை விடச் சொன்னார். எல்லையோரத்தில் கொண்டான் கொடுத்தான் உறவோடு வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பிடிமானம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்குரிய உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. உங்கள் வீட்டில் யாராவது ரிமாண்டில் இருந்தால், மனுக் கொடுத்து அவரைச் சிறையில் பார்க்கப் போகும்போது ரிமாண்ட் தேதியையும் வழக்குப் பிரிவுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது.