வலுவிழந்த சூறாவளி மீண்டும் வலுப்பெறுமா?

கேள்வி: சூறாவளி தாழமுக்கமாக வலுவிழந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். மறுபடி வலுக்குமா? எங்கள் லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கிறது.
— வாசகர், ஹட்டன்

பதில்: தரைக்கு மேல் நிற்கும்வரை வலுக்காது. கடல் தரும் ஈரமும் வெப்பமும்தான் அதற்கு உணவு. நம் மலைகளில் மோதினால் சுழற்சியும் குலையும். மன்னார் வளைகுடாவுக்கோ அரபிக்கடலுக்கோ இறங்கினால் வலுக்க வாய்ப்புண்டு. அதற்குக் கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் அதிகம் வேறுபடக்கூடாது. வேறுபட்டால் முகில்கூட்டம் மையத்தைவிட்டு விலகிவிடும். வறண்ட காற்று புகுந்தாலும் அப்படியே அடங்கும். 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவி சூறாவளி, மன்னார் வளைகுடாவில் வலுக்கவில்லை. ஆனால் நகராமல் நின்று மழையைக் கொட்டியது.

மலையகத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த மழையைத்தான். 'வலுவிழந்தது' என்பது காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. 24 மணிநேரத்தில் 75 மி.மீ. தாண்டினாலே விழிப்பாக இருங்கள். வெளியேறும் எச்சரிக்கைக்குரிய 150 மி.மீ.யை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேட்டில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் உடனே வெளியேறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். மழை விட்டபிறகும் ஊறிய மண் சரியும், உடனே திரும்பாதீர்கள்.