கணினி செத்ததா, பட்டினியா?

கேள்வி: ஐயா, என்னுடைய 2004ஆம் ஆண்டு ஜப்பான் கார் ஒரு வாரமாக ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. திறப்பைத் திருப்பினால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரிவதில்லை. பழுது பார்க்கும் ஸ்கேனரும் காரோடு தொடர்புகொள்ளவில்லை. கராஜில், எஞ்சினை இயக்கும் கணினி (ECU) போய்விட்டது என்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பழையது 65,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பணத்தை எடுக்காதீர்கள், தம்பி. விளக்கும் இல்லை, ஸ்கேனருக்குப் பதிலும் இல்லை என்றால் கணினிக்கு மின்சாரமே போகவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கணினிக்கு மூன்று வழியில் மின்சாரம் வருகிறது: பற்றரியிலிருந்து நேராக ஒன்று, திறப்பு வழியாக ஒன்று, மெயின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஒன்று. இவற்றோடு ஏர்த், அதாவது பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. கணினியில் வயர்கள் வந்து செருகும் சொக்கட்டைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். பல கார்களில் அந்த மெயின் ரிலேயை இழுப்பதே கணினிதான். கழற்றினால் ரிலே விழுந்துவிடும், நீங்கள் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சொக்கட்டின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி, அதில் மீற்றரை வைத்து அளந்து பாருங்கள்.

மீற்றர் 12 வோல்ற் காட்டினால் அதையும் உடனே நம்பவேண்டாம். கடற்கரைப் பக்கத்துக் கார் ஒன்றில் நானே ஏமாந்தேன். மீற்றர் 12.3 காட்டியது, அரை நாள் கணினியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றை அதே வயருக்கும் ஏர்த்துக்கும் இடையில் பிடித்தேன். நுளம்புத்திரி நுனி போலச் சிவந்து கிடந்தது. பியூஸ் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பியூஸின் கால் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. மீற்றர் இழுக்கும் மின்சாரம் துளியளவு. அதற்கு ஒரு நூலிழைத் தொடர்பே போதும். கணினிக்குப் போதாது. உங்கள் வீடும் கடலுக்குக் கிட்டத்தான், ஆகவே பியூஸ் பெட்டியிலேயே தொடங்குங்கள்.

ரிலே 'டிக்' என்றால் அது நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். சத்தம் ரிலேயை இழுக்கும் சுருளால் வருவது, உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் முனை கருகியிருக்கலாம். அதே அளவு ரிலேயை ஹோர்னிலிருந்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். கால்களின் அமைப்பு ஒன்றா என்று மட்டும் முதலில் கவனியுங்கள்.

ஏர்த்துக்கு, கணினியின் ஏர்த் வயரிலிருந்து பற்றரியின் மைனஸ் வரை ஸ்டார்ட் அடிக்கும்போது அளக்கவேண்டும். 0.1 வோல்ற் அளவில் இருந்தால் சரி. அரை வோல்ற் என்றால் போல்ட்டைக் கழற்றி உரசுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லையா? சென்சர்களுக்குக் கணினி கொடுக்கும் 5 வோல்றைப் பாருங்கள். ஒரு சென்சர் ஷோர்ட் ஆனாலும் அந்த 5 வோல்ற் விழுந்து, சில கார்களில் கணினியே மயங்கிக் கிடக்கும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ, அதுதான் ஆள். பெரும்பாலும் அது கணினியைவிட மலிவு.

இவ்வளவுக்கும் பிறகு மட்டுமே பஞ்சிகாவத்தை. அங்கேயும் ஒன்று: உங்கள் காரில் இம்மொபிலைசர் (பதிந்த திறப்பு இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால் வேறு காரின் கணினிக்கு உங்கள் திறப்பைத் தெரியாது. திறப்பைப் பதிந்து தருவாரா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.