பத்து ரூபாய் ரீசார்ஜ்

அன்புள்ள அண்ணா,

காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் அக்கா ஒருவர் ரீசார்ஜ் போட முடியாமல் நம்பரை இழந்ததைப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கடைசியில் 'ஊரே இரண்டு கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டது' என்று முடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். வண்டியும் போனும்தான் என் முதல். 2016-ல் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜிபி 250 ரூபாய் விற்றதாம். அந்த விலையில் என் வேலையே இருந்திருக்காது. யாரும் யார் கழுத்தையும் பிடித்து சிம் மாற்றச் சொல்லவில்லை. நன்றாகக் கொடுத்தவனிடம் ஜனங்கள் போனார்கள், அவன் பெரிய ஆளானான். இதில் என்ன தப்பு?

இன்னொன்று கேட்க வேண்டும். என் அம்மா பட்டன் போன் வைத்திருக்கிறார். பேசுவதுகூட அபூர்வம், இன்கமிங் வந்தால் போதும். அதற்கும் 28 நாளுக்கு ஒரு தடவை 199 போட்டுக்கொண்டிருக்கிறேன். குறைக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

- கொருக்குப்பேட்டை வாசகர்

அன்புள்ள தம்பி,

டேட்டா விலையைப் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது, 170 நாளில் பத்து கோடிப் பேர் சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் இருந்த கம்பெனிகளும் நியாயமாக நடக்கவில்லை. ஜியோவிலிருந்து தங்கள் நெட்வொர்க்குக்கு வரும் கால்களுக்குப் போதுமான இணைப்பு முனைகளைக் கொடுக்கவில்லை என்று ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடச் சொல்லி அதே வருடம் அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது. புதிதாக வருகிறவனை வாசலிலேயே நிற்க வைப்பதும் ஆதிக்கம்தான். அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் பத்தியில் உங்கள் போன், இரண்டாவதில் உங்கள் அம்மாவின் போன். உங்களுக்கு மலிவாகிய அதே வருடங்களில் அவருக்கு விலை ஏறியிருக்கிறது. என் அக்கறை எல்லாம் அந்த இரண்டாவது பத்தியில்தான் இருக்கிறது.

என் அக்கா கல்மண்டபம் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். பால், பிஸ்கட், ரீசார்ஜ். முன்பெல்லாம் வாசலில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்திலேயே ரீசார்ஜ் கூப்பன் சரமும் தொங்கும். மீன் ஏலம் முடிந்து வரும் பெண்கள் பத்து ரூபாய்க் கூப்பனைக் கிழித்து, அங்கேயே நின்று எட்டணாவால் சுரண்டுவார்கள். வெள்ளிப் பொடி விரல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் தெரியாதவர்களுக்கு அக்காதான் நம்பரைப் படித்துச் சொல்வாள். பிறகு கூப்பன் போய் ஈஸி ரீசார்ஜ் வந்தபோதும் பத்து ரூபாய் டாப்அப் இருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு அதில் பேசக் கிடைத்தது 7 ரூபாய் 47 காசு. குறைச்சல்தான். ஆனாலும் கையில் பத்து ரூபாய் இருந்தால் போன் உயிரோடு இருக்கும். காசு இல்லாத வாரத்திலும் இன்கமிங் நிற்காது. இரண்டு ரிங் விட்டால் 'வண்டி வந்தாச்சு', ஒரு ரிங் என்றால் 'இன்னும் வரல' என்று மிஸ்டு காலிலேயே வியாபாரம் நடந்த தெரு அது.

இப்போது சரம் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டு, 'ஏலக்கார அக்கா', 'ஐஸ் வண்டி', 'மூணாவது மாடி' என்று எழுதி, நம்பரின் கடைசி நாலு எண், அப்புறம் வேலிடிட்டி முடியும் தேதி. தேதி நெருங்கினால் அக்காவே ஆள் அனுப்பிச் சொல்வாள். பாதிப் பேருக்குக் கடன். சிவப்பில் சுழித்தவை கெடு தாண்டியவை.

2018 கடைசியில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் இன்கமிங் வரவே மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச ரீசார்ஜ் வேண்டும் என்று கொண்டுவந்தபோது அது 35 ரூபாய். 2021 நவம்பரில் ஏர்டெலின் 28 நாள் ஆரம்ப பேக் 79-லிருந்து 99 ஆனது. 2024 ஜூலையிலிருந்து 199. இந்த எண்களை எல்லாம் நோட்டின் பின்னட்டையில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள் அக்கா. ஏன் ஏறுகிறது என்று கேட்கிறவர்களுக்குக் காட்டத்தானாம். 28 நாள் கணக்கில் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை போட வேண்டும். 199-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 2,587 ரூபாய். உங்களைப் போல நாள் முழுக்க மேப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவருக்கு அது நல்ல விலை. மாதத்துக்கு நாலு தடவை மகளிடம் பேசுகிறவருக்கு அப்படி இல்லை. அவர் வாங்கும் பேக்கில் இருக்கும் டேட்டாவை அவருடைய பட்டன் போனால் தொடவே முடியாது.

நான் எழுதிய மீன்கார அக்காவுக்கு நடந்தது இதுதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது, கூடைக்கு மீன் வராது. அரிசி, பால், வட்டி எல்லாம் போக மிஞ்சாத செலவில் ரீசார்ஜும் ஒன்று. படகு போன பிறகு பழைய கடனை அடைத்துவிட்டுக் கடைக்கு வந்தபோது நம்பர் கையைவிட்டுப் போயிருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. பேங்க் கணக்கு, கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாம் அந்த ஒரு நம்பரில். ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு நாள் கூலி போனது.

'நன்றாகக் கொடுத்தவன் பெரிய ஆளானான்' என்கிறீர்கள். சென்னை இதே மாதிரி ஒரு காலத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1995-ல் கைபேசி வந்தபோது இங்கே இரண்டே கம்பெனிகள், ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும். நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது, வரும் காலுக்கும் காசு. போன் வைத்திருந்தவர்களை நம் தெருக்களில் தேடிப் பார்க்க வேண்டும். ஹட்ச் வந்தது, 2002-ல் பிஎஸ்என்எல் வந்தது, பிறகு ரிலையன்ஸ். 2003 மே மாதத்தில் இன்கமிங் இலவசமானது. 2009-ல் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்ததும் மற்ற எல்லோரும் அதற்கு இறங்கி வந்தார்கள். பெரும்பாலும் விலையை இறக்கியது அப்போதுதான் உள்ளே வந்தவன். பெரியவன் தானாக மனமிரங்கி இறக்கியதாக ஒரு தடவைகூட இல்லை. அதனால்தான் அடுத்து உள்ளே வர ஆள் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கிறேன்.

சட்டம் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், எனக்கு மனது ஆறாத இடம் அது. ஜியோ இலவசமாகக் கொடுப்பது மற்றவர்களை ஒழிக்கத்தான் என்று ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் போனது. 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. ஜியோவிடம் இருப்பது ஏழு சதவீதத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்கள், ஆதிக்கம் இல்லாதவர் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்த முடியாது என்பது வாதம். எழுத்துப்படி அது சரி. 2018 பிப்ரவரியில் ட்ராய், அடிமாட்டு விலை வைத்தால் வட்டத்துக்கு 50 லட்சம் வரை அபராதம் என்று விதி கொண்டுவந்தது. ஆனால் அந்த விதி முப்பது சதவீதப் பங்கு உள்ளவர்களுக்குத்தான். புதிதாக வந்தவர் எத்தனை ஆயிரம் கோடியை முதுகில் சுமந்து வந்தாலும் அதில் மாட்ட மாட்டார். அந்த வருடம் டிசம்பரிலேயே தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த விதியை ரத்து செய்தது. ஆக, விலை தரையில் கிடந்தபோது கேட்க விதி இல்லை, ஏறியபோது கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

இதற்கெல்லாம் ஒரே கம்பெனிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏலத்தில் ஏற்றி வாங்கிய அலைக்கற்றைக் கடன் இருந்தது, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஏஜிஆர் பாக்கி, அதாவது வருமானத்தில் அரசுக்குத் தர வேண்டிய பங்கின் பாக்கி, வந்தது. அந்தப் பாக்கியும் கடனும் சேர்ந்து, 2025-ல் வோடஃபோன் ஐடியாவில் 49 சதவீதப் பங்கு மத்திய அரசிடம் வந்து நிற்கிறது. இன்று நாட்டின் கைபேசி இணைப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜியோவிடமும் ஏர்டெலிடமும்.

'பிடிக்கவில்லை என்றால் போர்ட் பண்ணிவிட்டுப் போ' என்பார்கள். அதே நம்பரோடு கம்பெனி மாறுவது நல்ல ஏற்பாடுதான். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாடு முழுக்கப் போனபோது என்ன ஆனது? நம்மூர்க் கம்பெனி, டென்னிஸ் போட்டிக்கெல்லாம் பெயர் வைத்த கம்பெனி. போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பவே சிக்னல் வேண்டுமே. லட்சக்கணக்கானவர்கள் வெளியே போக முடியாமல் உள்ளேயே அடைபட்டார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜூன் 27-ம் தேதி ஜியோ விலையேற்றத்தை அறிவித்தது. மறுநாளே ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. பேசி வைத்துச் செய்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மூன்று பேர் மட்டும் உட்கார்ந்த பந்தியில் ஒருவர் இலையை மடித்தால் மற்றவர்களும் மடிப்பார்கள், அதற்குப் பேச்சு தேவைப்படாது. ஆனால் விலை ஏற்றாமல் இருந்தது பிஎஸ்என்எல். அந்த ஜூலை மாதத்தில் மட்டும் அதில் ஏறக்குறைய 29 லட்சம் பேர் கூடினார்கள். மற்ற மூன்றிலும் குறைந்தார்கள். வழி இருந்தால் ஜனங்கள் நகரத்தான் செய்கிறார்கள். பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி டவர் வர இத்தனை வருடம் ஆக்கியதைத்தான் நான் மன்னிக்க முடியாத தவறாக நினைக்கிறேன்.

அப்புறம், அம்மாவின் போன். டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டது. அதன்படி வந்தவற்றில் 84 நாள் பேக் 450 ரூபாயை ஒட்டி இருக்கிறது. 28 நாள் கணக்குக்கு 150-ஐச் சுற்றி வரும். அக்காவின் கடையில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, ஒரே தடவையில் 450 எடுத்து வைக்க வேண்டும் என்பதால். உங்களால் முடியும் என்றால் இதைப் போடுங்கள். எப்போதாவது ரீசார்ஜ் தவறிப்போனால், கணக்கில் இருபது ரூபாய் டாக்டைம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் பயன்படுத்தாவிட்டாலும் அந்த இருபதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மீன்கார அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

பிஎஸ்என்எல்லுக்கு மாற்றுவதாக இருந்தால், எத்தனை ரூபாய் பேக் போட்டிருந்தாலும் 1900-க்கு போர்ட் எஸ்எம்எஸ் போக வேண்டும். 2021 டிசம்பரில் ட்ராய் அதையும் சொல்லிவிட்டது. பதிலுக்கு வரும் போர்ட் கோட் எண் நாலு நாள்தான் செல்லும். அதற்கு முன்னால் தெருவில் யாரிடமாவது அந்த சிம் இருந்தால் ஒரு நாள் வாங்கி, அம்மா பகலில் அதிகம் உட்காரும் இடத்தில் வைத்து, வெளியிலிருந்து நீங்களே நாலைந்து தடவை கூப்பிட்டுப் பாருங்கள். சமையலறையில் ரிங் போகிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.