ஓடினால்தான் பதற்றம் தீருமா?

கேள்வி: ஒரு வருஷமாக மனப்பதற்றம். டாக்டர் மாத்திரையோடு உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். ஜிம்முக்குப் போகும் என் மைனி, "வேர்த்து ஊத்த ஓடினால்தான் பலன், மெல்ல நடக்கிறதெல்லாம் சும்மா" என்கிறார். எனக்கோ ஓடி நெஞ்சு அடித்தாலே பயம் வந்துவிடுகிறது. என்ன செய்ய?
‍- ஒரு வாசகி, தக்கலை

பதில்: மைனி சொல்வதில் பாதி சரி. ஸ்வீடனில் பதற்றநோய் உள்ள 286 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2022-ல் வெளியானது. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் என 12 வாரம் பயிற்சி. கடினமாகச் செய்தவர்களுக்குப் பலன் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் லேசாகச் செய்தவர்களுக்கும் பதற்றம் நன்றாகவே குறைந்தது. மனச்சோர்வுக்காக அங்கேயே நடந்த இன்னோர் ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், மிதமாகச் செய்தவர்களைவிட யோகா போன்ற லேசான பயிற்சி செய்தவர்கள் மேலாக இருந்தார்கள். ஆகவே உங்கள் நடை ஒன்றும் சும்மா இல்லை.

உங்கள் பயத்துக்கும் காரணம் உண்டு. ஓடும்போது வரும் படபடப்பு, மூச்சிரைப்பு, வியர்வை எல்லாம் பதற்றத்திலும் வருபவை. மனம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. அதற்காக வேகத்தை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். உழைப்பால் அடிக்கும் நெஞ்சு, நின்றால் சில நிமிடத்தில் தானே அடங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகப் பழகப் பயமும் குறையும்.

முதல் சில வாரம் காலையில் பத்மநாபபுரம் கோட்டைப் பக்கம் சாதாரணமாக நடங்கள். அப்புறம் பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். அதுதான் மிதமான பயிற்சி. நம்ம ஊரில் ஏற்றத்துக்கா பஞ்சம்? ஓடாமலே ஓர் ஏற்றம் ஏறி, மேலே நின்று நெஞ்சு அடங்குவதைக் கவனியுங்கள். பிறகு இரண்டு ஏற்றம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வந்தால் போதும். நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே, அந்த நாட்களில் வீட்டுக்குள் யோகா.

ஜிம் உங்களுக்கே ஆசை வந்தால் பார்க்கலாம், மைனிக்காக வேண்டாம். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இரவில் தாங்க முடியாமல் போனால், 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனஸ் இலவச உதவி எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.