குவேக்கர்கள் எளிமையையும் நேர்மையையும் அன்றாடம் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்?

"எளிமை, நேர்மை என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். நான் இங்கிலாந்தில் ஆறு வருடமாக அவர்களுடைய வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன். பாதிரியார் கிடையாது. ஒரு மணி நேரம் மௌனமாக உட்காருவோம். யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார், அவ்வளவுதான்.

போன புதிதில் எளிமை என்றால் சாயம் போன சட்டை, சின்ன வீடு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஜான் உல்மனின் வாழ்க்கை. 18ஆம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் வாழ்ந்த குவேக்கர் அவர். இளம் வயதில், முதலாளி சொன்னார் என்பதற்காக ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். மனசு உறுத்தியது, அதை அங்கேயே வாய்விட்டும் சொன்னார், ஆனாலும் எழுதினார். பிறகு இன்னொருவர் அதே மாதிரிப் பத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டார். பின்னாளில் அவருடைய கடை நன்றாகப் பெருகியது. அந்த நேரத்தில்தான் அவர் வியாபாரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு தையல் வேலையோடு நின்றார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், செய்யாத வேலை நேரத்தைக் கணக்கில் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். கார் கடன், கார்டு கடன் எல்லாம் தலைக்கு மேல் இருந்தன. வேலை போனால் மாதத் தவணையை யார் கட்டுவது? உல்மனைப் படித்தபோது அந்தக் கையெழுத்துதான் கண்முன் வந்தது. காரை விற்றேன். கடன் அடைய இரண்டு வருடம் ஆனது. அப்புறம் ஒருமுறை அதே மாதிரிக் கேட்டபோது "முடியாது" என்றேன். என்னிடம் அன்று புதிதாகத் தைரியம் எதுவும் வந்துவிடவில்லை, கடன் இல்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று, சத்தியம் செய்வது. நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டோம் என்று 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். உங்கள் பேச்சு ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கட்டும் என்று இயேசு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் பேசுவதற்கு என்ன பெயர்? 1696இல்தான் இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்குச் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி போதும் என்று ஏற்றது. அன்றைய குவேக்கர் கடைக்காரர்கள் பேரம் பேசாமல் ஒரே விலை சொன்னதும் இதனால்தான். குழந்தையை அனுப்பினாலும் அதே விலை.

நான் பேச்சுக்குப் பேச்சு "சத்தியமா" போடுகிறவன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட மெனக்கெடுகிறேன். அம்மா தினமும் போனில் "சத்தியமா சாப்பிட்டியா?" என்று கேட்பார். சாப்பிட்டிருந்தால் "சாப்பிட்டேம்மா" என்று மட்டும் சொல்கிறேன். சாப்பிடாத நாளில் "இன்னும் இல்லம்மா" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.