ரத்தப்போக்கு மாத்திரையால் பிரையான் நோய் வருமா?

கேள்வி: மாதவிடாயில் போக்கு அதிகம் என்று டிரானெக்சாமிக் அமில மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வகை மருந்து ஒன்றுக்கும் மூளையை அழிக்கும் பிரையான் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறதாமே? நிறுத்திவிடட்டுமா?

பதில்: அந்தப் பயத்துக்காக நிறுத்த வேண்டாம். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்துகளில் மூன்று முக்கியமானவை. டிரானெக்சாமிக் அமிலமும் அமினோகாப்ராயிக் அமிலமும் ஆலையில் ரசாயனமாகச் செய்யப்படுபவை. விலங்குப் பொருள் அல்ல. மூன்றாவதான அப்ரோட்டினின் மட்டும் மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இதய அறுவை சிகிச்சைகளில் ஊசியாகப் போடப்பட்டது. பிரையான் என்னும் உருக்குலைந்த புரதத்தால் வரும் 'பைத்தியக்கார மாடு' நோய் மனிதருக்கும் தொற்றும் என்று 1996-இல் பிரிட்டனில் தெரியவந்தபின், மாட்டிலிருந்து எடுத்த மருந்துகள் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாயின. நோயுற்ற மாட்டில் மூளையும் தண்டுவடமும்தான் பேராபத்து. நுரையீரல் அந்த வரிசையில் இல்லை. ஆனால் அறுக்கும் முன் தலையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடித்து மயக்கும்போது, மூளைத் துணுக்குகள் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்ச் சேர முடியும். கவலைக்கு அடிப்படை இதுதான். 2007-இல் அப்ரோட்டினின் விற்பனை நிறுத்தப்பட்டதற்கோ பிரையான் காரணமல்ல. கனடாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், மற்ற இரண்டு மருந்துகளைவிட இதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்ததே காரணம்.

கேள்வி: பிரையான் நோயாளிகள் பலர் அப்ரோட்டினின் எடுத்திருந்தார்கள் என்று ஒரு ஆய்வு காட்டினால், அது போதாதா?

பதில்: போதாது. இந்த மருந்து போட்டவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள். அறுவை சிகிச்சையே பிரையானுக்கு ஒரு வழி. இறந்தவரிடமிருந்து எடுத்த மூளை உறையை நோயாளிக்கு ஒட்டவைத்ததாலும், மூளையில் பயன்படுத்திய கருவிகளாலும் நோய் பரவியிருக்கிறது. எஃகில் காய்ந்து ஒட்டிய பிரையான் வழக்கமான நீராவிச் சூட்டுக்கு அழியாது. 134 டிகிரியில் 18 நிமிடமாவது வேண்டும், ஃபார்மலினோ அதை இன்னும் கெட்டிப்படுத்தும். ஆகவே மருந்தா, கத்தியா என்று பிரித்துப் பார்க்காத கணக்கு எதையும் நிரூபிக்காது. இன்னொரு தொல்லை, இந்த நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. தொற்றி வெளிப்பட 30 ஆண்டுக்கு மேல் ஆனதும் உண்டு. அதற்குள் நோயாளி நினைவிழந்திருப்பார். பழைய மருந்துச் சீட்டைப் பற்றிக் குடும்பத்தார் ஞாபகத்திலிருந்து சொல்வதுதான் சான்று. அதை நம்பி முடிவு கட்டினால் ஆபத்து.

கேள்வி: அப்படியானால் என் மாத்திரையில் பயப்பட ஒன்றுமே இல்லையா?

பதில்: உண்டு. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள் இதைத் தொடக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானால் மருந்து உடலில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டும். போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், அதுவும் அதிகபட்சம் 4 அல்லது 5 நாள். கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ, நிறங்கள் மாறித் தெரிந்தாலோ அடுத்த மாத்திரை வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.